பீட்டா வந்ததும் மாறலாமா? ஒரு வாழை மண்டிக் கணக்கை முன்வைத்து

திருச்சியிலிருந்து கரூர் சாலையில் போனால் ஜீயபுரம் பக்கம் காவிரிக் கரையெல்லாம் வாழைதான். பூவன், ரஸ்தாளி, நேந்திரன், கற்பூரவள்ளி, ஏலக்கி, மொந்தன் என்று ரகங்கள் பல. தார் ஏலத்துக்கு வருகிறது, இலை கட்டுக்கட்டாகப் போகிறது, நிலம் குத்தகைக்குக் கைமாறுகிறது, விவசாயி வாங்கிய முன்பணம் தவணை தவணையாகக் கழிகிறது. இப்படிப்பட்ட ஒரு மண்டியின் கணக்கு முழுவதும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் இல்லாத, நம்பகமான மென்பொருள் என்பதால் சிறு தொழில்களுக்கு அது பொருத்தமான தேர்வு.

அந்தக் கணக்கைப் பராமரிக்கும் இளைஞருக்கு ஆண்டுதோறும் கோடையில் ஒரு கேள்வி வரும். போஸ்ட்கிரெஸின் அடுத்த பதிப்புக்கு முதல் பீட்டா பெரும்பாலும் மே மாதத்தில் வெளியாகிறது. கூடவே புதிய வசதிகளின் பட்டியலும் வரும், படித்தால் ஆசை வரும். உடனே மாறுவதா, இறுதிப் பதிப்பு வரட்டும் என்று இருப்பதா, அதற்குப் பிறகும் சில மாதம் தள்ளிப் போடுவதா? 18ஆம் பதிப்பை வைத்துப் பார்ப்பது நல்லது. அதன் பீட்டாவில் சொன்னதும் கடைசியில் கைக்கு வந்ததும் இரண்டுமே இப்போது நமக்குத் தெரியும்.

18இன் முதல் பீட்டா 2025 மே 8 அன்று வந்தது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் அடுத்த இரண்டு பீட்டாக்கள், செப்டம்பர் தொடக்கத்தில் இறுதிக்கு முந்தைய பதிப்பு, செப்டம்பர் 25 அன்று முழுப் பதிப்பு. இந்த நான்கரை மாதமும் சோதனைக் காலம். பிழைகள் திருத்தப்படும், நடத்தை மாறும், சில சமயம் ஒரு வசதியே எடுக்கப்பட்டுவிடும். 2022இல் 15ஆம் பதிப்புக்கு அப்படித்தான் நடந்தது. எஸ்கியூஎல்-ஜேசன் வசதிகள் அதன் முதல் பீட்டாவில் இருந்தன. மூன்று பீட்டா வெளியான பிறகு, செப்டம்பர் தொடக்கத்தில், தரம் போதவில்லை என்று அவற்றை நீக்கிவிட்டார்கள். அவற்றில் ஒரு பகுதி 16இல் திரும்பி வந்தது. ஜேசன் தரவை அட்டவணையாக விரித்துக் காட்டும் வசதிக்கு 2024இன் 17 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 15இன் பீட்டாவை நம்பி அந்த ஜூனில் ஒருவர் விலைப் பட்டியல் நிரலை எழுதியிருந்தால், அக்டோபரில் அத்தனையையும் மாற்றி எழுதியிருக்க வேண்டும்.

ஆகவே முதல் கேள்விக்குத் தயக்கமில்லாத பதில்: மண்டி தினமும் பணம் பட்டுவாடா செய்யும் சர்வரில் பீட்டா கூடாது. ஒரு பீட்டாவிலிருந்து அடுத்ததற்குப் போவதற்கே தரவை வெளியே எடுத்து மறுபடி ஏற்றவோ, மேம்படுத்தும் கருவியை ஓட்டவோ நேரலாம். பணக் கணக்கை அப்படிப்பட்ட இடத்தில் வைக்கக் கூடாது.

அதற்காகப் பீட்டாவைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் சரியல்ல. புதியவற்றில் எது நமக்கு உதவும், எது உதவாது என்று பிரித்துப் பார்க்க அதைவிட நல்ல சமயம் கிடையாது.

18இல் பெரிதாகப் பேசப்பட்டது ஒத்திசைவற்ற உள்ளீடு. வட்டிலிருந்து ஒரு துண்டு வந்து சேரும் வரை கைகட்டி நிற்காமல், அடுத்தடுத்த துண்டுகளையும் முன்கூட்டியே கேட்டு வைக்கும் முறை இது. சில சோதனைகளில் வாசிப்பு வேகம் மூன்று மடங்கு வரை கூடியதாக வெளியீட்டு அறிவிப்பு சொன்னது. இது வாசிப்புக்கு மட்டும்தான், எழுதுவதற்கு அல்ல. மேகக் கணினியில் வட்டு தொலைவில் இருந்து, தரவும் நினைவகத்தைவிடப் பெரியதாக இருந்தால் பலன் நன்றாகத் தெரியும். ஒரு மண்டியின் சில ஆண்டுக் கணக்கோ சாதாரண கணினியின் நினைவகத்திலேயே அடங்கிவிடும். அங்கே இதை நம்பிப் பதிப்பு மாற்ற வேண்டியதில்லை.

மண்டிக்கு அதிகம் பயன்படுவது அந்த அளவுக்குப் பேசப்படாத ஒன்று: இண்டெக்ஸில் தாவிப் படிக்கும் வசதி. ஏலப் பதிவில் ரகம், தேதி என்ற வரிசையில் ஒரே இண்டெக்ஸ் போட்டிருக்கிறோம். 'பூவன், தை 1 முதல்' என்று கேட்டால் அது உடனே உதவும். ரகத்தைச் சொல்லாமல் 'நேற்று வந்த தார் எல்லாம்' என்று கேட்டால், 17 வரை அந்த இண்டெக்ஸால் பெரிய உதவி இல்லை. அதை முழுக்கப் படிக்க வேண்டும், இல்லையென்றால் அட்டவணையையே படிக்க வேண்டும். அதனால் தேதிக்கென்று தனியாக இன்னொரு இண்டெக்ஸ் வைப்போம். 18இல் ஒவ்வொரு ரகத்துக்கும் தாவி, அந்தத் தேதியை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த ரகத்துக்குப் போகும். இண்டெக்ஸின் முதல் பத்தியில் ஆறேழு ரகம்தான் என்பதால் இங்கே இது அருமையாக வேலை செய்யும். அதே இடத்தில் விவசாயி எண் இருந்து, அதில் ஆயிரக்கணக்கான மதிப்புகள் இருந்தால் தாவித் தாவியே பலன் குறைந்துவிடும். உங்கள் இண்டெக்ஸ்களின் முதல் பத்தியில் எத்தனை வேறு மதிப்புகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள், விடை அதிலேயே கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது காலவரம்புக் கட்டுப்பாடு. ஒரே வயலை ஒரே காலத்தில் இரண்டு பேருக்குக் குத்தகைக்கு எழுதிவிடும் தவறு காகிதக் கணக்கிலும் நடக்கும், கம்ப்யூட்டரிலும் நடக்கும். 18இல் முதன்மைச் சாவியிலேயே 'வித்தவுட் ஓவர்லாப்ஸ்' என்று எழுதினால் போதும், ஒரே வயலுக்கு ஒன்றன்மேல் ஒன்று விழும் காலங்களைத் தரவுத்தளமே ஏற்காது. பிட்ரீ-ஜிஸ்ட் என்ற நீட்சியை மட்டும் நிறுவிக்கொள்ள வேண்டும். முன்பும் விலக்குக் கட்டுப்பாடு மூலம் இதைச் செய்யலாம், ஆனால் அதை எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. இந்த வசதி 17க்காகவே எழுதப்பட்டு, பீட்டாவுக்குச் சற்று முன் திரும்பப் பெறப்பட்டு, ஓராண்டு செம்மைப்பட்டு 18இல் வந்தது. அவசரப்படாமல் நிறுத்தி வைத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மின்வெட்டும் மலிவான வட்டும் உள்ள இடங்களுக்கு இன்னொரு மாற்றம் முக்கியம். புதிதாக நிறுவும்போது தரவுச் சரிபார்ப்புத் தொகை இனி தானாகவே இயங்கும். வட்டில் ஒரு பக்கம் கெட்டிருந்தால் அதைப் படிக்கும்போதே தெரிந்துவிடும். இது கெட்டதைக் கண்டுபிடிக்கும், சரிசெய்யாது. பேக்கப் இல்லாதவரை இது காப்பாற்றாது. இதில் மாட்டிக்கொள்ளும் இடமும் ஒன்று உண்டு. பழைய சர்வரில் இந்த வசதி இல்லாமல் புதியதில் இருந்தால் மேம்படுத்தும் கருவி மறுத்துவிடும். பழைய சர்வரை நிறுத்தி வைத்து அதில் இதை இயக்கிவிட்டு மேம்படுத்துவதே நல்ல வழி. அதற்கு நேரம் இல்லாதவர்கள் புதியதை இந்த வசதி இல்லாமல் நிறுவிக்கொள்ளலாம்.

மேம்படுத்துவதும் இந்தப் பதிப்பில் எளிதாகியிருக்கிறது. முன்பெல்லாம் பதிப்பு மாற்றிய மறுநாள் காலையில் எல்லாம் மந்தமாக ஓடும். எந்த அட்டவணையில் எவ்வளவு என்ன இருக்கிறது என்ற புள்ளிவிவரத்தைக் கருவி கொண்டுவராமல் விட்டுவிடும், அதை மறுபடி சேகரிக்கும் வரை அந்த நிலைதான். 18க்கு மாறும்போது அதில் பெரும்பகுதி கூடவே வந்துவிடுகிறது.

மற்றவை சுருக்கமாக. பதிவு எண்ணாக யூயூஐடி அடையாள எண்களை வைத்திருப்பவர்களுக்கு, அவற்றை நேர வரிசையில் அமையும்படி சர்வரிலேயே உருவாக்கும் புதிய வசதி உதவும். விலையைத் திருத்தும்போது பழைய விலையையும் புதிய விலையையும் ஒரே கட்டளையில் திரும்பப் பெறலாம், தணிக்கைக்கு நல்லது. எடையையும் விலையையும் பெருக்கி வரும் தொகை போன்ற கணக்கிட்ட பத்திகள் இனி, வேறு விதமாகச் சொல்லாவிட்டால், வட்டில் சேமிக்கப்படாமல் கேட்கும்போது கணக்கிடப்படும். ஆனால் 18இல் அவற்றுக்கு இண்டெக்ஸ் போட முடியாது. ஓஆத் உள்நுழைவு பெரிய நிறுவனங்களுக்கானது, மண்டிக்குத் தேவையில்லை. எம்டி5 கடவுச்சொல் முறை கைவிடப்படும் என்று அறிவித்துவிட்டார்கள், இன்னும் அதை வைத்திருப்பவர்கள் இப்போதே ஸ்க்ராம் என்ற கடவுச்சொல் முறைக்கு மாறிவிடுங்கள்.

இனித் தமிழ். பெரும்பாலான ஒப்பீடுகளில் இது இருக்காது, நமக்கோ இதுவே முக்கியம். 17இல் அறிமுகமான உள்ளமைந்த எழுத்து வரிசையும், 18இல் சேர்ந்த யூனிகோட் ஃபாஸ்ட் வரிசையும் வேகமானவை, நிலையானவை. ஆனால் அவை யூனிகோட் எண் வரிசைப்படி அடுக்குகின்றன. அப்படி அடுக்கினால் கனகத்துக்குப் பிறகு கமலம் வரும். தமிழ் அகரவரிசையில் னகரம் கடைசி, கமலம்தான் முதலில் வர வேண்டும். ஜெயராமன் சகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே போய் உட்காருவார். யூனிகோட் ஃபாஸ்டில் கிடைக்கும் கூடுதல் திறனும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாற்றத்துக்கானது, தமிழில் அந்த வேறுபாடே இல்லை. ஆகவே தரவுத்தளத்துக்கு உள்ளமைந்த வரிசையை வைத்துக்கொண்டு, விவசாயிகள் பெயர்ப் பட்டியலை அச்சிடும் இடத்தில் மட்டும் ஐசியு என்ற யூனிகோட் நூலகத்தின் தமிழ் வரிசையைக் கேட்பதுதான் என் பரிந்துரை.

தேடலிலும் கவனம் வேண்டும். 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்தே தமிழ்ச் சொற்களின் வேர் கண்டு தேடும் வசதி போஸ்ட்கிரெஸில் இருக்கிறது. 18இல் முழு உரைத் தேடல், தரவுத்தளத்தின் எழுத்து வரிசை எந்த வழியில் அமைந்ததோ அதையே பின்பற்றும்படி மாற்றப்பட்டது. உங்கள் தரவுத்தளம் ஐசியு வழியிலோ உள்ளமைந்த வழியிலோ அமைந்திருந்தால், மேம்படுத்திய பிறகு தேடல் இண்டெக்ஸ்களையும் மூன்றெழுத்துப் பொருத்த இண்டெக்ஸ்களையும் மறுபடி கட்டச் சொல்கிறது வெளியீட்டுக் குறிப்பு. கட்டாமல் விட்டால் இருக்கும் பெயரே தேடலில் கிடைக்காமல் போகலாம்.

எப்போது மாறுவது? இதைப் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். 18 வெளியானது ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம். வாழைத்தாருக்கும் இலைக்கும் கிராக்கி ஏறும் காலம் அது, பின்னாலேயே தீபாவளி, பொங்கல். திருத்தப் பதிப்புகள் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் வருகின்றன, 18.1 வந்தது 2025 நவம்பர் 13 அன்று. பொங்கல் வியாபாரம் முடியட்டும், பிப்ரவரித் திருத்தமும் வந்து இரண்டு வாரம் போகட்டும், அப்போது மாறுங்கள். அந்த இரண்டு வாரம் ஏன் என்றால், திருத்தப் பதிப்பும் இடறியதுண்டு. 2024 நவம்பர் 14 அன்று வந்த 17.1, சில நீட்சிகளோடு ஒத்துப்போகாமல் சிக்கல் தந்தது. ஒரே வாரத்தில் 17.2 வெளியிட வேண்டியதாயிற்று.

இப்போது எந்தப் பதிப்பில் இருக்கிறீர்கள் என்பதும் முடிவை மாற்றும். ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்தாண்டு ஆதரவு. 13இன் காலம் 2025 நவம்பரில் முடிந்தது. அதில் இருப்பவர்கள் இதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். 14க்கு 2026 நவம்பர் வரைதான். 16, 17இல் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தால், தாவிப் படிப்பதும் குத்தகைக் கட்டுப்பாடும் உங்களுக்குத் தேவைதானா என்று பார்த்து முடிவெடுங்கள். தேவையில்லை என்றால் அங்கேயே இருங்கள், திருத்தங்களை மட்டும் தவறாமல் போடுங்கள்.

பீட்டாவைச் சோதிக்க வேறு கணினி வேண்டும், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. நேற்றைய பேக்கப்பை அதில் ஏற்றுங்கள். அந்த பேக்கப் உண்மையில் திரும்ப ஏறுகிறதா என்ற சோதனையும் இதிலேயே முடிந்துவிடும். ஏற்றியதும் விவசாயிகளின் கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண் இவற்றை மாற்றி எழுதிவிடுங்கள். அவை அவர்களுடையவை, சோதனைக் கணினியில் கிடக்கக் கூடாது. பிறகு தினசரி ஏலப் பட்டியல், மாதக் கடைசி கமிஷன் கணக்கு, பெயர்த் தேடல் ஆகியவற்றை இரண்டு பதிப்பிலும் ஓட்டி, நேரத்தோடு விடையையும் ஒப்பிடுங்கள். வேகம் கூடி விடை மாறினால் அந்த வேகத்தால் பயனில்லை.

தவறு ஏதாவது கண்ணில் பட்டால் போஸ்ட்கிரெஸ் இணையதளத்தில் உள்ள பிழைப் படிவத்தில் எழுதி அனுப்புங்கள். ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். கனகத்தையும் கமலத்தையும் வைத்துச் சோதிக்க நாம்தான் முன்வர வேண்டும். அடுத்த பீட்டா வரும்போது அதற்கு ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள்.