பட்டத்திற்குப் பின்னால் வரும் செலவு

மூத்த மகளை பிசியோதெரபி படிக்க வைத்தபோது நான்கு வருடக் கட்டணத்தை மட்டுமே கணக்கில் எடுத்தேன். சரக்குக்குக் காசு வைத்துக்கொண்டு, கடையின் முற்பணத்தையும் வாடகையையும் மறந்தவனின் வியாபாரம் அது. இத்தனை வருடம் கல்லாவில் இருந்த எனக்கே இப்படி!

பட்டம் கிடைத்தாலும் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த பின்னர்தான் தொழில் செய்யலாம். சவூதி என்றால் இன்னும் உண்டு. சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ சரிபார்ப்பதற்கு ஒரு கட்டணம், புரோமெட்ரிக் பரீட்சைக்கு ஒன்று, அந்நாட்டுச் சுகாதார ஆணையத்தின் தரப்படுத்தலுக்கு வேறொன்று. இவை வெளிநாட்டு நாணயக் கணக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐ அண்மித்தது. நான் ரூபாவில் ஒதுக்கியிருந்த சிறுதொகை பாதி வழியிலேயே முடிந்தது. மனைவியின் காப்பு அடகுக்குப் போனது. பதில் வரும்வரை மகளுக்குச் சம்பளமும் இல்லை. அந்த மாதங்களின் சாப்பாடும் பஸ் காசும் செலவுதானே?

இப்போது இளையவளும் அதையே கேட்கிறாள். இம்முறை கட்டணம் கட்டுமுன், அந்தப் பட்டத்தைப் பதிவுக்கு ஏற்பார்களா என்று மருத்துவ சபையில் விசாரிக்கப் போகிறேன். பதிவு, பரீட்சை, ஆறு மாதக் கைச்செலவு மூன்றுக்குமாகத் தனிச் சீட்டொன்று தொடங்கியாயிற்று. காப்பை இன்னும் மீட்கவில்லை.