தொகையீட்டுக் குறியைத் தாண்டி எது வரலாம்?

உயர்தரத்தில் இணைந்த கணிதம் கற்கும் சகோதரிகளுக்கு வரையறுத்த தொகையீடு புதிதல்ல. "மாறிலியை வெளியே எடுக்கலாம், சார்பை எடுக்கக் கூடாது" என்ற விதியையும் மனனம் செய்திருப்போம். ஆனால் ஏன் அப்படி என்று கேட்டால் பலர் தயங்குவோம். காரணம் விளங்கிவிட்டால் விதி மறக்காது.

பெருநாளைக்குத் துணி வாங்குவதை நினைத்துப் பாருங்கள். 4 மீற்றர், 2 மீற்றர், 3 மீற்றர் என மூன்று துணிகள். எல்லாம் மீற்றர் 500 ரூபா என்றால், நீளங்களைக் கூட்டி, 9 ஐ 500 ஆல் பெருக்கி 4500 என்று உடனே சொல்லலாம். விலைகள் முறையே 500, 800, 1000 என்றால்? ஒவ்வொன்றையும் தனித்தனியே பெருக்கித்தான் கூட்ட வேண்டும்: 2000 + 1600 + 3000 = 6600. மொத்த நீளம் 9 ஐ மொத்த விலை 2300 ஆல் பெருக்கினால் 20700 வரும். எந்தக் கடையிலும் அப்படிப் பில் போடமாட்டார்கள்.

தொகையீடும் ஒரு கூட்டல்தான். மிகச் சிறிய துண்டுகளின் கூட்டல். எல்லாத் துண்டுக்கும் பொதுவான பெருக்கம் மாறிலி. அது வெளியே வரலாம். துண்டுக்குத் துண்டு மாறுவது சார்பு. அது உள்ளேயே இருக்க வேண்டும்.

0 இலிருந்து 1 வரை எக்ஸைத் தொகையிட்டால் 1/2. ஆகவே 6எக்ஸைத் தொகையிட்டால் 6 × 1/2 = 3. ஆனால் எக்ஸ் வர்க்கத்தைத் தொகையிட்டால் 1/3. அதை எக்ஸ் × எக்ஸ் எனப் பிரித்து, தனித்தனியே தொகையிட்டுப் பெருக்கினால் 1/4 வரும். அது பிழை.

இன்னொன்றையும் கவனிப்போம். எல்லைகள் எண்களாக இருந்தால், வரையறுத்த தொகையீட்டின் விடை வெறும் எண். உள்ளே இருந்த மாறி விடையில் நிற்காது. அதனால் அதன் எழுத்தை மாற்றி எழுதலாம். வெளியே உள்ள எக்ஸை உள்ளே கொண்டு போக வேண்டுமானால், முதலில் உள்ளே இருக்கும் எக்ஸை வை என்று மாற்றிவிட வேண்டும். வை குறித்துத் தொகையிடும்போது எக்ஸ் ஒரு மாறிலி போலவே நடந்துகொள்ளும்.

இது சமன்பாடுகளில் கைகொடுக்கும். எஃப்(எக்ஸ்) = எக்ஸ் வர்க்கம் + எக்ஸ் × (0 இலிருந்து 1 வரை எஃப்(வை) இன் தொகையீடு) எனத் தரப்பட்டால் பயப்பட வேண்டாம். அடைப்புக்குள் இருப்பது ஓர் எண். அதைக் கே என்போம். அப்போது எஃப்(எக்ஸ்) = எக்ஸ் வர்க்கம் + கே எக்ஸ். இருபுறமும் 0 இலிருந்து 1 வரை தொகையிட்டால் கே = 1/3 + கே/2. எனவே கே = 2/3. சார்பு கிடைத்துவிட்டது: எக்ஸ் வர்க்கம் + (2/3)எக்ஸ்.

0 இலிருந்து பை வரை எக்ஸ் சைன் எக்ஸின் தொகையீடும் இவ்வாறே. அதைத் தொ என்போம். எக்ஸுக்குப் பதிலாக பை − எக்ஸ் பிரதியிட்டால், சைனின் பெறுமானம் மாறாது. ஆகவே தொ = பை × (சைன் எக்ஸின் தொகையீடு) − தொ. அந்தத் தொகையீடு 2; எனவே 2தொ = 2பை, தொ = பை. இங்கே பை மாறிலி என்பதால் வெளியே வந்தது, எக்ஸ் வரவில்லை.

வினாவைக் கண்டதும் பேனையை ஓட்டாமல், "எந்த மாறி குறித்துத் தொகையிடுகிறேன்? இது அந்த மாறியோடு மாறுமா?" என்று கேட்டுக்கொள்வோம். மாறாதது தாண்டி வரட்டும். மாறுவது உள்ளேயே இருக்கட்டும்.