கோட்டுக்கு வெளியே நிற்பவர்களுக்கு

ஜெர்மனியின் ஆஹன் வட்டாரத்தில் 2007-ல் சிறுவர் கால்பந்துக்கு ஒரு புதுமுறை வந்தது. பெயர் ‘ஃபேர் பிளே லீக்’. நடுவரே கிடையாது. பந்து கோட்டைத் தாண்டியதா, கையில் பட்டதா என்பதைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்ய வேண்டும். இரு அணிப் பயிற்சியாளர்களும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்பார்கள். பிள்ளைகளால் தீர்க்க முடியாவிட்டால்தான் வாய் திறப்பார்கள். பெற்றோர் சுமார் 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இந்தக் கடைசி விதிதான் உசத்தி! சிறுவர் ஆட்டத்தில் சண்டை பாதி நேரம் கோட்டுக்கு வெளியிலிருந்துதான் கிளம்புகிறது.

பயிற்சியாளர் “பாஸ் பண்ணு” என்பார், அப்பா “அடிடா” என்பார். பையன் நிமிர்ந்து இருவரையும் பார்ப்பதற்குள் பந்து பறிபோயிருக்கும். ஆகவே கைதட்டுங்கள், கட்டளையிடாதீர்கள்.

நடுவரைத் திட்டவே கூடாது. இங்கிலாந்தில் 14 வயதிலேயே நடுவராகப் பயிற்சி பெறலாம். அங்கே விசில் ஊதுபவரும் பல நேரம் ஒரு பள்ளி மாணவர்தான்.

பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை வேண்டுமா? 2000 டிசம்பரில் எவர்டன், வெஸ்ட் ஹாம் அணிகளின் ஆட்டம் 1-1 என்று இருந்தது. எவர்டன் கோல்கீப்பர் அடிபட்டுக் கிடக்க, வெஸ்ட் ஹாம் வீரர் பாவ்லோ டி கானியோ தனக்கு வந்த பந்தைக் கோலடிக்காமல் கையால் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார். ஃபிஃபா அவருக்கு ஃபேர் பிளே விருது கொடுத்தது.

ஆட்டம் முடிந்ததும் எதிரணியோடு கைகுலுக்கச் சொல்லுங்கள். வீடு திரும்பும் வழியில் “எத்தனை கோல்?” என்று ஆரம்பிக்காதீர்கள், முதலில் தண்ணீர் கொடுங்கள்.