வண்ணத்திற்கு அடியில்: மீட்டமைக்கப்பட்ட எம்ஜிபி காருக்கு விலை பேசுமுன்

பிரிட்டனில் பழைய மோட்டார்க் கார்கள் விற்பனைக்கு வரும்போது விளம்பரத்தில் தவறாமல் இடம்பெறும் சொல் ஒன்று உண்டு: 'முழுமையாக மீட்டமைக்கப்பட்டது'. இச்சொல்லுக்கு வரையறுத்த பொருள் எதுவும் இல்லை. கடைசித் திருகாணி வரை கழற்றி, துருவேறிய தகடுகளை வெட்டி நீக்கி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து மறுபடி பூட்டிய காரும் மீட்டமைக்கப்பட்ட காரே. துருவின் மேல் பட்டி போட்டுத் தேய்த்து வண்ணம் அடித்த காரும் அதே பெயரில்தான் விற்கப்படுகிறது. புகைப்படத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. உள்ளே சென்றிருக்கும் உழைப்பிலோ பல்லாயிரம் பவுண்டு வேறுபாடு உண்டு. சேமிப்பின் ஒரு பகுதியை இத்தகைய காரில் இட எண்ணுவோர் அந்த வேறுபாட்டைக் கண்டறியும் வழியை, எம்ஜிபி என்னும் ஒரே காரை எடுத்துக்காட்டாக வைத்து இங்கே காண்போம்.

ஆக்ஸ்ஃபோர்டு நகரின் மோரிஸ் கராஜஸ் நிறுவனத்தில் பிறந்த பெயர் எம்ஜி. அதன் எண்கோணச் சின்னத்தை இன்று நம் ஊர்ச் சாலைகளிலும் காண்கிறோம். ஆனால் உரிமையாளர்கள் மாறி, கார்களும் முற்றிலும் வேறாகிவிட்டன. ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை உருவான எம்ஜிபி, அதன் எல்லா வகைகளும் சேர்ந்து ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்ற ஸ்போர்ட்ஸ் கார். அதன் 1,798 சிசி எஞ்சின் 'பி வரிசை' எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1,489 சிசி பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பந்தான். அம்பாசடரில் கைபழகிய மெக்கானிக் ஒருவர் எம்ஜிபியின் பானெட்டைத் திறந்தால் பாதிக்கு மேல் பழகிய முகமாகவே இருக்கும்.

எண்ணிக்கை மிகுதி என்பதால் இக்கார் அரும்பொருள் அன்று. உதிரிபாகங்களும் ஏறக்குறைய எல்லாம் இன்றும் கிடைக்கின்றன. எனவே அபூர்வம் என்று சொல்லி இதற்கு எவரும் விலை ஏற்ற இயலாது. நிலைமை ஒன்றே விலையை நிர்ணயிக்கிறது. அந்த நிலைமை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

எம்ஜிபிக்குத் தனியான சேசிஸ் கிடையாது. உடலே சட்டமாகவும் நிற்கும் ஒற்றைக்கூட்டு அமைப்பு அது. திறந்த காரில் மேற்கூரையும் இல்லை. ஆகவே முன்பாதியையும் பின்பாதியையும் வளையாமல் பிடித்திருக்கும் பொறுப்பின் பெரும்பகுதி, கதவுகளின் அடியில் இருபுறமும் நீளும் பக்கவிட்டங்களின் மேல் விழுகிறது. வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு தகடு என மூன்று அடுக்காய் அமைந்த பெட்டி அது. பிரிட்டனில் குளிர்காலத்தில் பனி உறையாதிருக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள். சக்கரம் வாரியிறைக்கும் உப்புச்சேறு முன் மட்கார்டின் பின்புறம் தங்கி, ஈரம் காயாமல் பெட்டிக்குள் இறங்கி, நடுத்தகட்டை உள்ளிருந்தே தின்றுவிடுகிறது. வெளியே பளபளப்பு, உள்ளே கறையான் அரித்த உத்தரம்.

இதனை முறையாகச் செப்பனிட முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும். பின் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்டித் திறக்க வேண்டும். ஏனெனில் பக்கவிட்டத்தின் இரு முனைகளும் அவற்றின் உள்ளே மறைந்திருக்கின்றன. வெட்டும் முன் கதவு இடைவெளியின் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து உடலைப் பிணைத்தாக வேண்டும். இல்லையேல் விட்டத்தை எடுத்ததும் கார் நடுவில் தொய்ந்து, அந்தத் தொய்வோடேயே புதுத்தகடு ஒட்டப்பட்டுவிடும். குறுக்கு வழி தேடுவோர் பழைய துருத்தகட்டின் மேலேயே புதுத்தகடு ஒன்றைப் போர்த்தி விளிம்பில் ஒட்டிவிடுகிறார்கள். சில மணி நேர வேலை அது. சில ஆண்டுகள் தாங்கும். அதற்குள் கார் கைமாறிவிடும்.

காரைப் பார்க்கச் செல்பவர் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்ல வேண்டாம். விற்பவர் காட்ட விரும்புவது பெரும்பாலும் அதைத்தான். கதவின் ஓரத்து இடைவெளியை முதலில் பாருங்கள். மேலிருந்து கீழ் வரை அது ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே நெருங்கிக் கீழே அகன்றிருந்தால் உடல் தொய்ந்திருக்கிறது என்று பொருள். பிறகு, உரிமையாளர் இசைவுடன், ஜாக்கி வைக்கும் இடத்தில் காரைச் சற்று உயர்த்தச் சொல்லி, உயர்ந்த நிலையில் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். உறுதியான காரில் கதவு முன்போலவே இயங்கும். நலிந்த காரில் சட்டகத்தைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைப் பக்கவிட்டத்தின் மேலும் மட்கார்டுகளின் அடிப்பகுதியிலும் நகர்த்திப் பார்க்கலாம். அது பிடிக்காத இடத்தில் தகட்டுக்குப் பதில் பட்டிதான் இருக்கிறது.

இவற்றினும் வலுவான சான்று, வேலை நடந்தபோது எடுத்த புகைப்படங்களும் கடைப் பற்றுச்சீட்டுகளும் ஆகும். வண்ணம் பூசி முடித்த காரின் நூறு படங்களைவிட, குறுக்குச் சட்டம் பிணைத்து, பக்கவிட்டம் வெட்டப்பட்டு நிற்கும் அரைகுறைக் காரின் ஒரே படத்தை நாம் மேலாக மதிப்போம். உண்மையாகவே உழைத்தவர் அத்தகைய படங்களைப் பெருமையுடன் எடுத்து வைத்திருப்பார். படமும் இல்லை, சீட்டும் இல்லை எனில், வேலை நடக்கவில்லை என்று கருதியே விலை பேசுவது முறை.

இனிக் கணக்கிற்கு வருவோம். எடுத்துக்காட்டாக, உடல் வேலைக்கு மட்டும் 250 மணி நேரம் ஆகிறது என்றும், பட்டறையின் கூலி மணிக்கு 60 பவுண்டு என்றும் வைத்துக்கொள்வோம். கூலியே 15,000 பவுண்டு. தகடு, வண்ணம், இருக்கை, குரோம் பூச்சு, எஞ்சின் ஆகியவை இன்னும் சேரவில்லை. எல்லாம் கூடி 30,000 ஆகும் என்றால், அக்காரை 20,000 பவுண்டுக்கு ஒருவர் விற்பது எப்படி? இரண்டே விடைகள் உள்ளன. அவர் தம் கைப்பட உழைத்து, அவ்வுழைப்புக்கு விலை வைக்காமல், நட்டத்துக்கு விற்கிறார். பழங்கார் உலகில் இது அன்றாடம் நிகழ்வது. அல்லது, அந்த வேலை நடக்கவே இல்லை. முதல் விடை உண்மையானால், வாங்குபவர் பிறர் செலவழித்த பணத்தின் பயனைப் பெறுகிறார். தாமே மீட்டமைப்பதைவிட இது சிக்கனம். இரண்டாவது உண்மையானால், 20,000 கொடுத்த பின்பும் 30,000 செலவு காத்திருக்கிறது. இரண்டு கார்களுக்கும் கேட்கப்படும் விலை ஒன்றாகவே இருக்கலாம் என்பதால், குறைந்த விலை என்பது தன்னளவில் எதையும் மெய்ப்பிப்பதில்லை.

அடுத்தது காரின் அடையாளம். கேடன் என்னுமிடத்தில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம், பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளின்படி ஒரு கார் எந்நாளில் உருவானது, அன்று அதன் நிறம் என்ன, எஞ்சின் எண் என்ன, எந்நாட்டுச் சந்தைக்கு அனுப்பப்பட்டது என்பதைக் குறிப்பிட்டுச் சான்றிதழ் வழங்குகிறது. சிறு கட்டணத்தில் கிடைக்கும் பெரும் பாதுகாப்பு இது. அமெரிக்க விதிகளுக்காக 1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில் குரோம் பம்பர் நீக்கப்பட்டுக் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது; காரின் உயரமும் கூட்டப்பட்டது. குரோம் பம்பர் கார்களுக்கு மதிப்பு அதிகம் என்பதால், பிற்காலத்துக் காரில் குரோம் பம்பரைப் பூட்டி விற்போரும் உண்டு. அது குற்றமன்று, ஆனால் முன்னதன் விலையைப் பின்னதற்குக் கொடுக்கலாகாது. அமெரிக்காவுக்குச் சென்ற கார்கள் பல பின்னர் பிரிட்டன் திரும்பி, வலக்கை ஓட்டத்துக்கு மாற்றப்பட்டுள்ளன. கலிஃபோர்னியா போன்ற வறண்ட பகுதியில் வாழ்ந்த காரில் இருக்கைகள் வெயிலில் வெடித்திருந்தாலும் தகடு பெரும்பாலும் துருவற்றிருக்கும். இருக்கையை மாற்றுவது எளிது.

எஞ்சின், கியர்ப்பெட்டி பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பழுதானாலும் செலவு அளவோடு நிற்கும். எஞ்சின் நன்றாகச் சூடான பின், ஓட்டத்தில் ஆயில் அழுத்தம் 50 பவுண்டு அளவில் நிலைக்கிறதா என்று பார்க்கலாம். ஈயமற்ற பெட்ரோலுக்கு ஏற்ற கடின வால்வு இருக்கைகள் பொருத்தப்பட்டதற்குச் சீட்டு உண்டா என்று கேட்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்கும். பிரிட்டனில் 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2021இல் பொதுவழக்காகிவிட்டதால், எரிபொருள் குழாய்கள் புதியனவா என்பதும் கேட்கத் தக்கது. நாற்பது ஆண்டைக் கடந்த, பெரும் மாற்றங்களுக்கு உள்ளாகாத கார்களுக்கு அங்கே ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. கட்டாயமில்லாதபோதும் சோதனைக்கு உட்படுத்தி வந்தவரின் காரை நாம் கூடுதல் நம்பிக்கையுடன் பார்க்கலாம்.

இத்தகைய காரை முதலீடு என்று அழைப்பதில் நமக்கு உடன்பாடு இல்லை. வட்டியோ ஈவுத்தொகையோ தராமல், கொட்டகை, காப்பீடு, பராமரிப்பு என்று ஆண்டுதோறும் செலவு கேட்கும் உடைமை இது. அவசரத்துக்கு ஒரே வாரத்தில் நியாய விலைக்கு விற்பதும் எளிதன்று. வழக்கமான வாகனக் கடன் திட்டங்கள் காரின் வயதுக்கு வரம்பு வைத்திருப்பதால், பெரும்பாலும் கைப்பணத்திலேயே வாங்க நேரும். காப்பீட்டில், மதிப்பை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் பாலிசியைக் கேட்டுப் பெறவேண்டும். இல்லையேல் விபத்துக்குப் பின் சாதாரணப் பழைய காராகவே மதிப்பிடப்படும்.

அந்தக் காரை இந்தியாவுக்குக் கொண்டுவர நினைப்பவர், இறக்குமதி விதிகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுபவை என்பதால், முன்பணம் கொடுக்குமுன் நடைமுறையிலுள்ள அறிவிப்பைத் தாமே படித்தறிவது அவசியம். பதிவுக்குத் தனி விதிகள் 2021ஆம் ஆண்டில் வந்தன. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டைக் கடந்த இருசக்கர, நாற்சக்கர வாகனங்கள் பழம்பெரும் வாகனங்களாகக் கொள்ளப்படுகின்றன. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். எண்பலகையில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'விஏ' என்னும் எழுத்துகள் இடம்பெறும். அணிவகுப்பு, கண்காட்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ ஓட்டலாகாது.

அவ்விதியில் மற்றொரு நிபந்தனையும் உண்டு. வாகனம் மூல வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும். சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்யும் அளவுக்குப் பெரும் சீரமைப்பு நடந்திருக்கலாகாது. எம்ஜிபிக்கு 1988 முதல் பிரிட்டனில் பழைய அச்சுகளைக் கொண்டே முழுப் புது உடற்கூடுகள் வார்க்கப்பட்டு வருகின்றன. அங்கே மீட்டமைக்கப்பட்ட கார்கள் பலவற்றின் அடியில் இருப்பது அத்தகைய புதுக்கூடுதான். பிரிட்டிஷ் வாங்குபவர் அதனைச் சிறப்பாகக் கருதி விலை கூட்டிக் கொடுப்பார். இங்கே பதிவு அலுவலகத்தில் அதே கூடு கேள்விக்கு உள்ளாகலாம். ஆகவே இந்தியா கொண்டுவரும் எண்ணம் உள்ளவர், உடற்கூடு அபிங்டனில் உருவானதா, பின்னாளில் வாங்கியதா என்பதை விற்பவரிடம் எழுத்தில் பெற்ற பிறகே பணம் அனுப்ப வேண்டும்.