இருமினால் கசிகிறதா? வெட்கம் வேண்டாம், பயிற்சி இருக்கிறது!

போன வருடம் ஒரு அம்மா என்னிடம் வைத்தியத்துக்கு வந்தார். வயது 45 இருக்கும். மூட்டுவலி என்றுதான் சொன்னார். நாடி பார்த்து மருந்து கொடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. கணவர் ஆட்டோ பிடிக்க வெளியே போனதும், தலையைக் குனிந்தபடி மெதுவாக ஆரம்பித்தார்.

"டாக்டர், தும்மினா, இருமினா, வாய்விட்டுச் சிரிச்சாக்கூட யூரின் கொஞ்சம் கசிஞ்சிடுது. கல்யாணம், கோயில்னு எங்கேயும் போறதில்லே."

"எவ்வளவு நாளாம்மா?" என்றேன்.

"சின்னவ பிறந்ததிலேருந்து. இப்ப அவ காலேஜ் படிக்கிறா!"

இத்தனை வருடமாக வெளியில் சொல்லாத வேதனை! தாய்மார்களே, உங்களில் பலருக்கும் இது இருக்கலாம். 'பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று பொறுத்துக்கொள்கிறீர்கள். அது தவறு.

ஏன் வருகிறது?

இடுப்புக்கூட்டின் அடியில், முன்பக்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, தூளி கட்டியது போலச் சில தசைகள் இருக்கின்றன. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது இந்தத் தூளிதான். இருமும்போது வயிற்றின் அழுத்தம் கீழே இறங்கும். தூளி இறுகி, சிறுநீர்ப் பாதையை மூடிக்கொள்ள வேண்டும். அது தளர்ந்துபோனால் கசியும்.

கர்ப்ப காலப் பாரம், சுகப்பிரசவத்தின்போது ஏற்படும் இழுவை, ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம், மாதவிலக்கு நிற்கும் பருவம், உடல் பருமன், தீராத இருமல், முக்கி முக்கிப் போகும் மலச்சிக்கல் எல்லாமே இந்தத் தசைகளைத் தளர்த்தும். சிசேரியன் ஆனவர்களுக்கும் வரலாம்.

மலம், சிறுநீரைக் கீழ்நோக்கிச் செலுத்துவது அபான வாயு என்கிறது சித்த மருத்துவம். ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். ஆரம்ப காலத்தில் நானும் அபானனைச் சீர்செய்வதாக நினைத்து, சூரணமும் லேகியமும் மட்டும் கொடுத்து அனுப்பினேன். மலச்சிக்கல் தீர்ந்தது; கசிவு நிற்கவில்லை. தளர்ந்த தசைக்குப் பயிற்சிதான் மருந்து என்பது பிறகுதான் உறைத்தது. இப்போது இப்படிப்பட்டவர்களை முதலில் பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்புகிறேன்.

பயிற்சி எப்படி?

அமெரிக்காவைச் சேர்ந்த பெண்நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் இந்தப் பயிற்சியை விளக்கி எழுதினார். அதனால் 'கெகல் பயிற்சி' என்ற பெயர் வந்தது. யோகத்தில் சொல்லும் மூலபந்தமும் ஏறக்குறைய இதே தசைகளைத்தான் இறுக்குகிறது.

* சிறுநீர் கழித்துவிட்டு, முழங்காலை மடக்கி மல்லாந்து படுங்கள்.

* வாயு பிரியாமல் அடக்குவது போலவும், சிறுநீரை நிறுத்துவது போலவும் உள்பக்கமாக மேலே இழுத்து இறுக்குங்கள்.

* ஐந்து எண்ணும்வரை பிடித்து, பிறகு முழுவதும் தளர்த்துங்கள். அதே அளவு ஓய்வு. போகப் போக பத்து எண்ணும்வரை பிடிக்கலாம்.

* ஒரு வேளைக்கு 8 முதல் 10 தடவை; தினம் மூன்று வேளை.

மூச்சை அடக்காதீர்கள். வயிறு, தொடை, புட்டம் இறுகக் கூடாது. சிறுநீர் போகும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாது. மூத்திரப்பை சரியாகக் காலியாகாது. பழகியபின் உட்கார்ந்தும் நின்றும் செய்யலாம். இருமல், தும்மல் வரும்போதும், குடத்தைத் தூக்குமுன்பும் ஒரு தடவை இறுக்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

'வீட்டிலேயே செய்யலாமே, பிசியோதெரபிஸ்ட் எதற்கு?' என்று கேட்பீர்கள். பலர் மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குகிறார்கள், அது கெடுதல். சரியான தசைதான் இறுகுகிறதா என்பதை, உங்கள் சம்மதத்தோடு, கையுறை அணிந்த விரலாலோ கருவியாலோ பார்த்துச் சொல்வார்கள். பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள். சிலருக்குத் தசை தளர்வதற்குப் பதில் இறுகிப்போயிருக்கும். அடிவயிற்றில் வலி, தாம்பத்தியத்தில் வலி இருக்கும். அவர்களுக்கு இறுக்கும் பயிற்சி வலியைக் கூட்டும். தளர்த்தும் பயிற்சிதான் தேவை.

இன்னொன்று. கசிவுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். மலச்சிக்கல்தான் கூடும். காபி, டீயைக் குறையுங்கள். கீரை, காய், பழம் சேர்த்து மலச்சிக்கலைப் போக்குங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

சிறுநீரில் எரிச்சல் அல்லது ரத்தம், காய்ச்சல், பிறப்புறுப்பில் ஏதோ இறங்கி வருவது போன்ற உணர்வு இருந்தால், முதலில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். திடீரென்று சிறுநீர் போக முடியாமல், தொடையிடுக்கும் மரத்துப்போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிரசவமானவர்கள் டாக்டரைக் கேட்டுப் பயிற்சியை ஆரம்பிக்கலாம். இறக்கம் அதிகமாகிவிட்டால் பயிற்சி மட்டும் போதாது, ஆபரேஷனும் தேவைப்படலாம்.

அந்த அம்மா நான்கு மாதம் கழித்து வந்தார். "முழுசா நின்னுடலே டாக்டர். ஆனா நாத்தனார் பொண்ணு கல்யாணத்துக்குப் போய் ரெண்டு நாள் தங்கிட்டு வந்தேன்" என்றார், சிரித்துக்கொண்டே.

அதே சிரிப்பு உங்களுக்கும் வேண்டாமா? இன்றைக்கே வாய் திறந்து சொல்லுங்கள்.