சென்று மீளும் திருமேனிகள்

காஞ்சி மாநகருக்கு அணித்தேயுள்ள திருப்பருத்திக்குன்றத்தை ஜினகாஞ்சி எனப் போற்றுகிறோம். அங்குள்ள திரைலோக்கியநாதர் ஆலயத்தின் சங்கீத மண்டபம், விஜயநகர அமைச்சர் இருகப்பரால் 1387-ஆம் ஆண்டளவில் எழுப்பப்பெற்றது. அதன் விதானத்தில் ரிஷபநாதர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் வரலாறுகள் ஓவியங்களாகத் திகழ்கின்றன. விதானத்து ஓவியத்தைக் காண விழைவோர் காஞ்சிக்கே வருதல் வேண்டும். சிலைகளோ பெயர்த்தெடுத்துச் செல்லத்தக்கவை. அவை அயல்நாட்டு அருங்காட்சியகங்களை அடைந்த வழிகள் மூன்று.

முதல் வழி இரவல். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி, நூறாண்டு கடந்த சிலையை வெளிநாட்டிற்கு அனுப்பும் உரிமை நடுவண் அரசுக்கும் அதனிடம் அதிகாரம் பெற்ற அமைப்பிற்குமே உண்டு. இரவலால் நம் கலையின் பெருமை உலகெங்கும் பரவுகிறது. ஆயினும் இடரும் உண்டு. 1917-இல் கிடைத்த பாட்னாவின் தீதார்கஞ்ச் இயக்கி, 1985-இல் இந்திய விழாவிற்காக அமெரிக்கா சென்றது. கன்னத்தில் சிறு பழுதுடன் மீண்டது. அதன்பின் அதனை வெளிநாட்டிற்கு அனுப்புவதில்லை என முடிவாயிற்று.

இரண்டாம் வழி விற்பனை. காஞ்சிப் பகுதியில் ஒரே தொகுதியாக விளங்கிய யோகினிச் சிற்பங்களை, 1926-ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் திரட்டி அனுப்பினார். வணிகர் கைவழியாக அவை பாரிஸ், லண்டன், வாஷிங்டன், டொராண்டோ எனப் பிரிந்தன. இன்று அவற்றை ஒருசேரக் காண வேண்டுமாயின், அவ்வருங்காட்சியகங்கள் தமக்குள் இரவல் பெற்றாலன்றி இயலாது!

மூன்றாம் வழி களவு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவுபோன நடராசரை, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் விலைகொடுத்து வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னரே எடுத்து வைத்திருந்த நிழற்படங்கள் உண்மையை உணர்த்தத் துணைநின்றன. 2014-இல் அத்திருமேனி தாயகம் திரும்பியது.

இம்மூன்றாலும் நாம் அறிவது யாது? இரவல் சென்ற பொருளுக்குப் பதிவு உண்டு. ஆதலால் அதனைத் திரும்பக் கேட்கலாம். பதிவே இல்லாத பொருளை எதைக் காட்டிக் கேட்பது?

அருங்காட்சியகத்தில் உள்ளவற்றைத் தக்க பாதுகாப்புடன் இரவல் தருதல் நன்றே. நாள்தோறும் அபிஷேகமும் வழிபாடும் கொள்ளும் திருமேனியை அனுப்புதல் முறையன்று என்பதே நம் கருத்து. அது காட்சிப்பொருளன்று, ஓர் ஊரின் வழிபாட்டு உயிர்.

ஆதலின் நம் சிற்றூர் ஜினாலயங்களில் உள்ள ஒவ்வொரு பிம்பத்தையும் நாற்புறமும் நிழற்படம் எடுத்தல் வேண்டும். உயரம், பீடத்து எழுத்து, காளை, சிங்கம், பாம்பு முதலிய இலாஞ்சனம், உடைந்த பகுதி ஆகியவற்றைக் குறித்து, ஒரு படியை ஊரிலும் மறுபடியை வேற்றிடத்திலும் காத்தல் வேண்டும். தொல்பொருள் பதிவு அலுவலரிடம் முறையாகப் பதிவும் செய்தல் வேண்டும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் இளைஞர்களுக்கு இஃது ஒருநாட் பணி. முன்னோர் திருமேனி செய்து அளித்தனர். அதன் அடையாளத்தை எழுதி வைப்பதேனும் நம் கடனாகுக.