திறந்த காரில் கடலோரப் பிரயாணம்: கலிபோர்னியாவின் முதலாம் நெடுஞ்சாலைக்கு ஒரு வழிகாட்டி

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரையில் பசிபிக் மகாசமுத்திரத்தின் கரையை ஒட்டிச் செல்லும் முதலாம் எண் நெடுஞ்சாலையில், கூரை மடக்கிய காரில் செல்லும் பாக்கியம் வாய்த்தவர்கள், அந்தப் பிரயாணத்துக்கு வேண்டிய ஏற்பாடுகளை முன்கூட்டியே சிரத்தையுடன் செய்துகொள்ள வேண்டும். அப்பாதையின் சிகரமான பகுதி, கார்மலுக்கும் சான் சிமியனுக்கும் இடையே, சான்டா லூசியா மலைத்தொடர் நேரே சமுத்திரத்தில் இறங்குகின்ற, பிக் சர் என்னும் சுமார் 90 மைல் பிரதேசமாகும். சிறைக் கைதிகளும் சேர்ந்து உழைத்து, சுமார் 18 ஆண்டுகளில் மலையின் விளிம்பைக் குடைந்து அமைத்த அந்தச் சாலை 1937-ல்தான் திறக்கப்பட்டது. அது அவசரத்துக்கு ஏற்ற சாலையன்று. திறந்த காரும் அவ்வாறே. வேகமாகச் செல்பவர் காதில் காற்றின் இரைச்சல் ஒன்றே விழும். நிதானமாகச் செல்பவருக்கோ அலையோசையும், கடற்பாசியின் வாசனையும், தலைக்கு மேலே ரெட்வுட் மரங்களின் உச்சியும் ஒருங்கே கிடைக்கும். கீழே சொல்லும் யோசனைகள் யாவும் அந்த நிதானத்தைப் பெறுவதற்கானவையே.

1. பருவத்தைத் தேர்ந்தெடுங்கள்

கோடைக்காலம் என்றால் நல்ல வெயில் இருக்கும் என்று நாம் எண்ணுவது இயல்பு. ஆனால் ஜூன், ஜூலை மாதங்களில், குளிர்ந்த கடல்நீரின்மேல் உருவாகும் மூடுபனி கரையேறி, சில நாட்களில் நண்பகல் வரையிலும் காட்சியை மறைத்து நிற்கும். குளிர்காலத்திலோ மழையினால் மலை சரிந்து சாலை அடைபடுவதுண்டு. 2017 மே மாதம் மட் க்ரீக் என்னுமிடத்தில் ஏற்பட்ட சரிவு, 2018 ஜூலை வரையில் வழியை மூடிவைத்தது. ஆகாயம் தெளிந்து, காற்றும் இதமாக இருக்கும் செப்டம்பரும் அக்டோபருமே திறந்த காருக்கு உத்தமமான மாதங்கள். எந்த மாதமானாலும், விடுதியில் அறை பதிவு செய்யுமுன் ஒருமுறையும், புறப்படும் நாள் காலையில் மறுமுறையும், கால்டிரான்ஸ் என்னும் மாநிலப் போக்குவரத்து இலாகா தரும் சாலை நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். நடுவில் அடைப்பு இருந்தால், உள்நாட்டில் செல்லும் 101-ஆம் நெடுஞ்சாலை வழியாக வெகுதூரம் சுற்ற நேரிடும்.

2. வடக்கிலிருந்து தெற்கே செல்லுங்கள்

அமெரிக்காவில் வாகனங்கள் சாலையின் வலப்புறமாகச் செல்வதால், தெற்கு நோக்கிப் போகும்போது சமுத்திரம் நம் பக்கத்திலேயே இருக்கும். காட்சி பார்க்க ஒதுங்கும் இடங்களுக்கு எதிர்வரும் வாகனங்களைக் குறுக்கிடாமலே செல்லலாம். மூன்று நாட்களேனும் ஒதுக்குவது உசிதம்: முதல் இரவு மான்டரேயிலோ கார்மலிலோ, இரண்டாம் இரவு கேம்ப்ரியாவிலோ மாரோ பேயிலோ தங்கி, மூன்றாம் நாள் சான்டா பார்பரா வழியாக லாஸ் ஏஞ்சலிஸ் சேரலாம். பிக் சரைக் கடப்பதற்கு ஒரு பகற்பொழுது முழுவதையும் விட்டுவைக்க வேண்டும்.

3. கார் வாடகை விவரங்களைக் கேட்டறியுங்கள்

வாடகை நிறுவனங்கள் குறிப்பிட்ட மாடலை அன்றி, ஒரு வகையையே உறுதி செய்கின்றன. ஃபோர்டு மஸ்டாங் என்று விளம்பரத்தில் இருந்தாலும், அதையொத்த வேறு காரைக் கொடுக்கக்கூடும். ஆதலால் கன்வெர்ட்டிபிள் என்னும் திறந்த கார் வகைதானா என்பதை ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் ஊரில் எடுத்து வேறோர் ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணமும், ஓட்டுபவர் 25 வயதுக்குக் குறைந்தவரானால் கூடுதல் கட்டணமும் கேட்பது வழக்கம். காருக்கு நேரும் சேதம், பிறருக்கு நேரும் சேதம் ஆகிய இரண்டுக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறதா, துணிக்கூரை கிழிந்தால் பொறுப்பு யாருடையது என்பவற்றைக் கையெழுத்திடுமுன் கேளுங்கள். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து செல்பவர்கள் தங்கள் ஓட்டுநர் உரிமத்துடன், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கொண்டுசெல்வது பல சங்கடங்களைத் தவிர்க்கும். அது ஓராண்டு வரையில் செல்லுபடியாகும்.

4. புறப்படுமுன் கூரையைப் பழகிக்கொள்ளுங்கள்

காரைப் பெற்றுக்கொண்ட இடத்திலேயே, ஊழியர் அருகில் இருக்கும்போதே, கூரையை இரண்டு மூன்று முறை திறந்து மூடிப் பாருங்கள். சில கார்களில் முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் உள்ள கைப்பிடியைத் திருகி விடுவித்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். ஜன்னல் கண்ணாடிகள் தாமாக இறங்க, கூரை எழுந்து பின்புறமாக மடிந்து அமரும். மூடும்போது கைப்பிடி சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று தொட்டுப் பார்ப்பது முக்கியம். கூரை மடிந்து டிக்கிக்குள் இறங்கும் கார்களில் சாமானுக்கு மிகக் குறைந்த இடமே மிஞ்சும். எனவே பெரிய பெட்டிகளைத் தவிர்த்து, மடங்கக்கூடிய பைகளையே எடுத்துச் செல்லுங்கள்.

கடற்காற்றின் குளிர்ச்சியில் வெயிலின் கடுமை தெரியாமல் போய்விடும். நாடா கட்டிய தொப்பியும், கறுப்புக் கண்ணாடியும், வெயில் தடுக்கும் களிம்பும், மாலைக்கு ஒரு கம்பளிச் சட்டையும் வேண்டும். துணிக்கூரையைக் கத்தியால் கிழிப்பது எளிது. ஆகவே காரை விட்டு இறங்கும்போது கண்ணில் படும்படி யாதொரு பொருளையும் வைக்கலாகாது.

5. சாலையில் அனுசரிக்க வேண்டியவை

இடப்புறம் ஓட்டிப் பழகியவர்கள், முதல் ஒரு மணி நேரம் அகன்ற தெருக்களில் ஓட்டிக் கை பழகிய பின்னரே மலைப்பாதைக்கு வருவது நலம். பிக் சரில் சாலை போக ஒன்று, வர ஒன்று என்னும் அளவே உடையது. பின்னால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வாகனங்கள் சேர்ந்துவிட்டால், அடுத்த ஒதுங்குமிடத்தில் விலகி வழிவிட வேண்டுமென்பது கலிபோர்னியாவின் சட்டம். நிதானமாகச் செல்ல விரும்புகிறவனுக்கு அச்சட்டமே துணை. ஓட்டுபவர் கண் சாலையிலேயே இருக்கட்டும். காட்சியைக் காண விரும்பினால் நிறுத்திக் காணட்டும்.

மான்டரேயிலோ கார்மலிலோ டாங்கியை நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கப்பால் பங்க்குகள் சிலவே, விலையும் மிக அதிகம். பங்க் இயந்திரம் அமெரிக்க அஞ்சல் எண்ணைக் கேட்டு நம் கார்டை மறுத்தால், உள்ளே சென்று, பம்ப் எண்ணைச் சொல்லி, முன்பணம் கட்டினால் போதும். பிக் சரின் பெரும்பகுதியில் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காது; வரைபடத்தை முன்னரே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

6. எங்கெங்கே நிற்பது

கார்மலுக்குத் தெற்கே, காலை வேளையில் பாயின்ட் லோபோஸ் காப்பகம்; கூட்டம் சேருமுன் சென்றால் பாறைகளின் மேல் கிடக்கும் கடற்சிங்கங்களைச் சாவகாசமாகப் பார்க்கலாம். அடுத்து, 1932-ல் கட்டி முடித்த பிக்ஸ்பி பாலம்: 714 அடி நீளமுள்ள இந்தக் கான்கிரீட் வளைவுப் பாலம், ஆழமான பள்ளத்தாக்கை ஒரே தாவலில் கடந்து நிற்கிறது. அங்கே ஒதுங்குமிடம் நிறைந்திருந்தால் சாலையோரத்தில் நிறுத்த முயலாமல், மேலே சென்றுவிடுங்கள்.

பிறகு ஃபைஃபர் பிக் சர் பூங்காவின் ரெட்வுட் மரங்களின் நிழலில் கூரையைத் திறந்தே வைத்து மெதுவாக ஓட்டுங்கள். இன்னும் தெற்கே, ஜூலியா ஃபைஃபர் பர்ன்ஸ் பூங்காவில், சாலைக்கு அடியில் செல்லும் சிறு சுரங்கப்பாதை வழியாக நடந்தால், 80 அடி உயரத்திலிருந்து வெண்ணூல் இழையாக மணலில் விழும் மெக்வே அருவி தெரியும். கீழே இறங்க அனுமதியில்லை. வானத்தையும் கவனியுங்கள்: அழிவின் விளிம்பிலிருந்து மீட்டு விடப்பட்ட கலிபோர்னியக் காண்டார் கழுகுகள், ஒன்பது அடிக்கும் மேற்பட்ட சிறகு விரித்து இங்கே வட்டமிடுவதுண்டு, கூரையற்ற காரின் பெருமை அப்போது விளங்கும்.

பியெட்ராஸ் பிளாங்காஸ் கரையில் யானைச் சீல்கள் கூட்டம் கூட்டமாகப் படுத்திருக்கும். குளிர்காலத்தில் குட்டிகளையும் காணலாம். அருகே சான் சிமியன் குன்றின்மேல், பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டுக்காக ஜூலியா மார்கன் என்னும் பெண் கட்டடக் கலைஞர் 1919 முதல் 1947 வரையில் எழுப்பிய மாளிகை இருக்கிறது. அதற்கு முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

7. காரைத் திருப்பிக் கொடுக்கும்போது

டாங்கியை நிரப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இருக்கைகளின் இடுக்குகளைத் தேடிவிட்டு, கூரையை மூடி, காரின் நான்கு புறங்களையும் பெட்ரோல் அளவுகாட்டியையும் படமெடுத்த பின் சாவியை ஒப்படையுங்கள்.

இவ்வளவுக்கும் அவகாசம் இல்லாதவர்கள் இரு நகரங்களுக்கு இடையேயுள்ள முழுத் தூரத்தையும் ஒரே நாளில் ஓடி முடிக்கலாகாது. மான்டரேயில் தங்கி, மெக்வே அருவி வரையில் சென்று, அந்த வழியே திரும்பி வாருங்கள். நாட்கள் குறைந்தால் குறைக்க வேண்டியது தூரத்தையே; நிற்கும் நேரத்தை அன்று.